முடிந்த படத்தின் ஃபுட்டேஜை எதில் வைப்பது: ஹார்ட் டிஸ்க், நாஸ், எல்டிஓ டேப்

எடிட், கலர், மிக்ஸிங் எல்லாம் முடிந்து படம் கைமாறிய பிறகு கேமரா ஒரிஜினலை எதில் வைப்பது? நாகர்கோவிலில் நாங்கள் நடத்தும் சின்ன போஸ்ட் புரொடக்‌ஷன் யூனிட்டில் போன வருஷம் இதற்கு முடிவு கட்டியே ஆக வேண்டிய நிலை. விளம்பரம், குறும்படம், கடலோர ஊர்களைப் பற்றிய ஆவணப்படம், நடுவில் கல்யாணம் என்று எங்களுக்கு வேலை வருகிறது. அலமாரியில் அடுக்கும் ஹார்ட் டிஸ்க், பல டிஸ்க்குகளோடு நெட்வொர்க்கில் எந்நேரமும் ஓடும் நாஸ் பெட்டி, டேட்டாவைக் காந்த நாடாவில் பதியும் எல்டிஓ டேப் மூன்றையும் அலசிவிட்டு டேப்பை எடுத்தோம். ஆகவே கீழே வருவது டேப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் அளவு. பிளாக்மேஜிக் 6கே கேமராவில் பிளாக்மேஜிக் ரா ஃபார்மட்டில், ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி (5:1), நொடிக்கு 30 ஃபிரேம் ஓட்டினால் நொடிக்கு 194 எம்பி. மணிக்கு ஏறக்குறைய 700 ஜிபி. இரண்டு கேமராவில் இரண்டிரண்டு மணி நேரம் ஷூட் செய்தாலே 2.8 டிபி வந்துவிடும், அதுவும் ஒரு பிரதிக்கு. 100 எம்பிபிஎஸ் அப்லோடு முழுசாகக் கிடைத்தாலும் 1 டிபி ஏற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் கிளவுடை நாங்கள் யோசிக்கவே இல்லை. எடிட் நடக்கும் காலத்தில் எஸ்எஸ்டி, ப்ராக்ஸி (எடிட்டுக்காக எடுக்கும் சின்ன அளவுப் பிரதி) என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. கேள்வி அதற்கப்புறம்தான்.

ஹார்ட் டிஸ்க் விலை குறைவு, எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகலாம், தயாரிப்பாளர் கேட்டால் அப்படியே கையில் கொடுக்கலாம். மாவட்டத்தில் பெரும்பாலான யூனிட்டுகள் இதில்தான் ஓடுகின்றன. ஆனால் அலமாரியில் கிடக்கும் டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று அதைச் செருகும்வரை தெரியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டி, செக்சம் (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபார்க்க வேண்டும். வேலை குவிந்து கிடக்கும்போது அதற்கு யார் உட்காருவது? குளச்சலில் கடலை ஒட்டிய வீட்டில் இருந்து வந்த ஒரு டிஸ்க்கின் சாட்டா முனையை (கேபிள் செருகும் இடம்) கையில் வைத்துப் பார்த்தேன். தங்க நிறத்தில் மின்ன வேண்டிய பின்களில் பச்சையாகப் பூத்திருந்தது. டிஸ்க் சுற்றியது, கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரியவே இல்லை. முனையைத் துடைத்த பிறகுதான் ஃபோல்டர் கண்ணில் பட்டது.

நாஸ் உண்மையிலேயே நல்ல பொருள். 10 ஜிகாபிட் நெட்வொர்க்கில் இரண்டு மூன்று பேர் ஒரே ஃபுட்டேஜில் வேலை பார்க்கலாம். டேட்டாவைப் பல டிஸ்க்கில் பரப்பி வைக்கும் ரெய்டு 6 முறையைப் போட்டால் இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா நிற்கும். தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, டிஸ்க் தளர்ந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கு எங்களிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் ரெய்டு என்பது பேக்கப் ஆகாது. தவறி அழித்தாலோ, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலோ, இடி இறங்கினாலோ அத்தனை டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கிறது.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, இடையில் உப்புக்காற்று. நாஸ் 24 மணி நேரமும் ஃபேன் சுற்றி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. யூபிஎஸ் பேட்டரியைக் கவனிக்க வேண்டும், சில வருஷங்களுக்கு ஒருமுறை டிஸ்க்குகளை மாற்ற வேண்டும், இடம் நிறைந்தால் இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. யாரும் திறந்துகூடப் பார்க்காத பழைய படத்துக்காக ஒரு பெட்டியை வருஷம் முழுக்க உயிரோடு வைத்திருப்பது வீண் பாரம். மார்த்தாண்டத்து நண்பர் ஒரே வரியில் முடித்தார்: "டேப்பு கரண்டும் கேக்காது, காத்தும் கேக்காது அண்ணே. சும்மா கிடக்கும். அதாக்கும் அதுக்க கொணம்."

எல்டிஓ டேப் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சதுரப் பெட்டி. உள்ளே ஒரே ஒரு சுருள், அரை அங்குல அகல நாடா. டிரைவ் என்ற தனிக் கருவியில் போட்டுத்தான் இதில் எழுதவும் படிக்கவும் முடியும். ஓரத்தில் சின்னதாக ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதைத் தள்ளிவிட்டால் அதன் மேல் யாரும் எழுதவோ அழிக்கவோ முடியாது. 2010-இல் எல்டிஓ-5 (ஐந்தாம் தலைமுறை) காலத்தில் வந்த எல்டிஎஃப்எஸ் முறையால் டேப்பும் ஒரு ஹார்ட் டிஸ்க் மாதிரியே திரையில் ஃபோல்டர்களோடு தெரியும். ஆனால் அதிலிருந்து நேரடியாக எடிட் செய்ய முடியாது. வேண்டிய கிளிப் இருக்கும் இடத்துக்கு நாடா சுற்றிப் போய்த்தான் எடுக்கும்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது கொள்ளளவு. எல்டிஓ-8 டேப்பில் 12 டிபி கொள்ளும். அட்டையில் இருக்கும் 30 டிபி என்பது 2.5 மடங்கு சுருக்க முடிந்தால் மட்டுமே. கேமரா ஃபுட்டேஜ் ஏற்கெனவே சுருங்கி வருவதால் அந்தக் கணக்கு நமக்கு உதவாது. இன்னொன்று வேகம். டேட்டா போதிய வேகத்தில் வராவிட்டால் நாடா நின்று, பின்னால் போய், மறுபடி ஓடும். அது டேப்புக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் கேடு. ஒற்றை யூஎஸ்பி டிஸ்க்கில் இருந்து ஊட்டாமல் எஸ்எஸ்டியில் இருந்தோ நாஸில் இருந்தோ ஊட்டுகிறோம்.

கார்டில் இருந்து முதல் காப்பி எடுக்கும்போதே எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்ற முறையில் செக்சம் எடுத்து, அந்தப் பட்டியலையும் ஃபுட்டேஜோடு டேப்பில் ஏற்றி, ஏற்றிய பிறகு மறுபடி படித்து ஒப்பிடுகிறோம். கார்டின் ஃபோல்டர் அமைப்பைத் தொடுவதே இல்லை. ரெட் கேமராவின் ஆர்டிசி ஃபோல்டரையோ சோனியின் எக்ஸ்எம்எல்லையோ பிரித்துப் பெயர் மாற்றினால் பின்னாளில் கன்ஃபார்ம் செய்யும்போது (எடிட்டை ஒரிஜினல் ஃபுட்டேஜோடு பொருத்தும்போது) கிளிப்புகள் ரீலிங்க் ஆகாமல் தொல்லை கொடுக்கும்.

டேப்புக்கும் நம் ஊர் ஈரம் பகைதான். நெடுநாள் சேமிப்புக்கு டேப் தயாரிக்கும் கம்பெனிகள் சொல்வது 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். சாரல் காலத்தில் திறந்த அறையில் அது நடக்காது. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வைத்திருக்கும் டிரை கேபினெட்டிலேயே ஒரு தட்டை டேப்புக்கு ஒதுக்கிவிட்டோம். அதிலிருந்து எடுத்த டேப்பை உடனே போடாமல், டிரைவ் இருக்கும் அறையில் ஒரு நாள் கிடக்க விடுகிறோம்.

பெரிய தடை டிரைவின் விலை. சில லட்சம் ஆகும், தனியாக எங்களால் முடிந்திருக்காது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மூன்று யூனிட் சேர்ந்து வாங்கியதால்தான் கட்டுபடியானது. இன்னொரு குறை தலைமுறை மாற்றம். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 டேப்பைப் படிக்கும், 6-ஐப் படிக்காது. எல்டிஓ-9 டிரைவ் 8-ஐப் படிக்கும். 2025-இல் வந்த எல்டிஓ-10 பழைய டேப் எதையும் படிக்காது. ஆக, டேப் 30 வருஷம் தாங்கும் என்று அதைத் தயாரிக்கும் கம்பெனிகள் சொன்னாலும், படிக்கும் டிரைவ் அதுவரை இருக்க வேண்டும். பத்து வருஷம் கிடந்த டேப்பை நான் படித்துப் பார்த்ததில்லை. டிரைவ் பழுதாகி சர்வீஸுக்குப் போன அனுபவமும் இதுவரை இல்லை, அதனால் அந்த இரண்டிலும் என் வாக்கை முழுசாக நம்ப வேண்டாம்.

கல்யாண வேலை மட்டும் பார்ப்பவர்கள், ஃபுட்டேஜை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லாதவர்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளலாம். டாவின்சி ரிசால்வில் இருக்கும் குளோன் டூலில் செக்சமோடு காப்பி எடுத்து, இரண்டையும் வெவ்வேறு வீட்டில் வைத்தால் போதும். ஆவணப்படம், குறும்படம் எடுப்பவர்களுக்கு நான் டேப்பைத்தான் சொல்வேன். எங்களிடம் வரும் தயாரிப்பாளர்களிடம் ஆரம்பத்திலேயே பேசி, இரண்டு டேப்பின் விலையை பட்ஜெட்டில் சேர்த்துவிடுகிறோம். ஒன்று நாகர்கோவிலில், இன்னொன்று மார்த்தாண்டத்தில்.