ஓரிகன் தடத்துக்கு இரண்டே நாள்: நெப்ராஸ்கா பக்கமா, வயோமிங் பக்கமா?

அமெரிக்காவில் மிசௌரியிலிருந்து ஓரிகன் வரை சுமார் 2,000 மைல் நீளும் தடம் இது. 1840களில் தொடங்கி லட்சக்கணக்கானோர் மேற்கில் குடியேறுவதற்காகக் கூண்டு வண்டிகளோடு இதில் நடந்து போனார்கள். காரில் போகிறவர்களிடம் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு துண்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, நெப்ராஸ்காவின் ஒகலாலாவிலிருந்து ஸ்காட்ஸ்பிளஃப் வரை, சுமார் 125 மைல். மற்றது, வயோமிங்கின் லாரமி கோட்டையிலிருந்து இண்டிபெண்டன்ஸ் ராக் வரை, சுமார் 175 மைல்.

நெப்ராஸ்கா பக்கம் கண்ணுக்கு விருந்து. சமவெளியில் தனியாக நிமிர்ந்து நிற்கும் சிம்னி ராக்கைத்தான் அன்றைய பயணிகள் தங்கள் நாட்குறிப்புகளில் அதிகம் எழுதினார்கள். ஆனால் அதன் அடிவாரம் வரை நடைபாதை கிடையாது. காட்சியகத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஸ்காட்ஸ்பிளஃப் ஊரை ஒட்டிய ஸ்காட்ஸ் பிளஃப் குன்றில் நுழைவுக் கட்டணம் இல்லை. மூன்று குகைப்பாதைகள் வழியாக 1.6 மைல் சாலை உச்சிக்கே கொண்டுபோய் விடும். 25 அடிக்கு மேல் நீளமோ 11 அடி 7 அங்குலத்துக்கு மேல் உயரமோ உள்ள வண்டியை அதில் விடமாட்டார்கள். இழுவை வண்டிக்கும் அனுமதி இல்லை. கேரவனில் வருகிறவர்கள் பலர் ஏமாறும் இடம் இதுதான். மழைக்குப் பின் பாறை சரிந்தால் சாலையையே மூடிவிடுவார்கள், காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில் தடம் பெரும்பாலும் புல் மூடிய மெல்லிய பள்ளமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. உச்சி வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. காலை எட்டு மணிக்கு முன்போ பொழுது சாயும்போதோ, நிழல் நீளமாக விழும் நேரத்தில் போனால் கோடு தெளிவாகத் தெரியும். ஆஷ் ஹாலோ பள்ளத்தாக்கு அருகே விண்ட்லஸ் மலைச்சரிவுக்கும் இதே கணக்குதான். சக்கரங்களைப் பூட்டி, பின்னாலிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்து வண்டிகளை இறக்கிய சரிவு அது.

ஸ்காட்ஸ்பிளஃப் ஊரின் ஓரத்தில் ரெபெக்கா விண்டர்ஸ் கல்லறையைத் தவறவிடாதீர்கள். 1852இல் காலராவில் இறந்தவர். கல்லுக்குப் பதில் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை வளைத்து நட்டு, அதிலேயே பெயரையும் வயது 50 என்பதையும் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டை நிலைத்ததால்தான் ரயில் பாதை போட வந்தவர்கள் கல்லறையை அடையாளம் கண்டார்கள்.

வயோமிங் பக்கத்தில் தடத்துக்குள்ளேயே இறங்கி நிற்கலாம். கெர்ன்சி ஊருக்குத் தெற்கே மென்மையான மணற்பாறையில் வண்டிகள் 5 அடி ஆழம் வரை பள்ளம் வெட்டியிருக்கின்றன. சமவெளியில் தூசிக்குப் பயந்து வண்டிகள் பரவிப் போகும். இங்கே ஆற்றோரம் இடம் இல்லாததால் எல்லாமே ஒரே பாறை மேட்டில் ஏற வேண்டியிருந்தது. எந்த நேரத்தில் போனாலும் தெரியும். வண்டி நிறுத்தத்திலிருந்து சிறு நடைதான். பக்கத்திலேயே ரெஜிஸ்டர் கிளிஃப், பயணிகள் தங்கள் பெயர்களைச் செதுக்கிய பாறைச்சுவர். பழைய பெயர்களில் ஒரு பகுதி கம்பி வேலிக்குள் இருக்கிறது. வெளியே இருப்பவற்றின் மேல் புதுப் பெயர்களைக் கீறிக் கெடுத்திருப்பதைப் பார்க்க மனம் வலிக்கும். கையால் கூடத் தொடாதீர்கள், மணற்பாறை உதிரும்.

கெர்ன்சிக்குக் கிழக்கே 13 மைலில் லாரமி கோட்டை. 1834இல் தோல் வணிகத்துக்கு எழுந்தது, 1849இல் ராணுவத்தின் கைக்குப் போனது. 1868இல் லகோட்டா பழங்குடி மக்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது இங்கேதான்; அது மீறப்பட்ட கதை தெரியாமல் இந்தத் தடத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கோட்டைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இண்டிபெண்டன்ஸ் ராக்கை ஜூலை 4க்குள் எட்டினால் பனிக்கு முன் மலைகளைக் கடக்கலாம் என்பது அன்றைய கணக்கு. இந்தப் பெரும்பாறையின் சுற்றளவு ஒரு மைலுக்கு மேல். வண்டி மசகால் எழுதிய பெயர்கள் அழிந்துவிட்டன; உளியால் வெட்டியவை நிற்கின்றன. பாறை மேல் ஏறலாம், ஆனால் இடி மேகம் தெரிந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். புல்லுக்குள் விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கும். மூடிய காலணி அவசியம்.

எங்கள் தேர்வு வயோமிங். சிறு குழந்தைகளோ நடக்க முடியாத பெரியவர்களோ உடன் வந்தால் மட்டும் நெப்ராஸ்கா. உச்சி வரை கார் போகும், ஊர்களும் அடுத்தடுத்து வரும். ஸ்காட்ஸ்பிளஃபில் தங்கினால் ஐம்பது மைல் மேற்கே லாரமி கோட்டையையும் கெர்ன்சியையும் மறுநாளே சேர்த்துவிடலாம். வழியில் வரும் காஸ்பர் ஊரைத் தாண்டி இண்டிபெண்டன்ஸ் ராக்குக்குப் போவதானால் அங்கேயே டேங்கை நிரப்பி, வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; மேற்கே போகப் போக சிக்னலும் பங்க்கும் அரிது.