முதுகெலும்புக் கட்டி: சுட வைப்பதா, உறைய வைப்பதா?

முதுகெலும்புக் கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, அதைச் சூட்டால் சுட்டோ குளிரால் உறையவைத்தோ அழிக்கலாம். மும்பையில் பரேல் பக்கம் சிகிச்சைக்கு வரும் தாராவி, மாட்டுங்கா தமிழ்க் குடும்பங்கள் பலருக்கும் இதில் எது நல்லது என்ற குழப்பம் உண்டு. கட்டியைவிட அவர்களைப் பயமுறுத்துவது நரம்புதான்: "கால் விழுந்துவிடுமோ?" நியாயமான பயம். 45 டிகிரிக்கு மேல் போனாலும் 10 டிகிரிக்குக் கீழே போனாலும் நரம்பு பாதிக்கப்படலாம்.

எல்லை தெரிவது
குளிர்: பனி உருண்டை வளர்வது சதைப்பகுதியில் சிடி ஸ்கேனில் கருமையாகத் தெரியும். அது நரம்பை நெருங்கும்போதே டாக்டர் நிறுத்திவிடலாம். எலும்புக்குள் இவ்வளவு தெளிவு கிடைக்காது.
சூடு: எவ்வளவு தூரம் வெந்தது என்று படத்தில் அப்போதே தெரியாது. நரம்பருகே மெல்லிய வெப்ப உணரியை வைத்துத்தான் கவனிக்க வேண்டும்.

நரம்பைத் தள்ளிவைப்பது
கட்டிக்கும் நரம்புக்கும் நடுவே திரவமோ வாயுவோ விட்டு இடைவெளி உண்டாக்குவார்கள்.
சூடு: ரேடியோ அலை மின்சாரத்தால் சுடும் முறையில் சலைன் (உப்பு நீர்) விடக் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) நீர்தான் சரி.
குளிர்: வெதுவெதுப்பான சலைன் விடலாம்.
கார்பன் டை ஆக்சைடு வாயு இரண்டுக்கும் பயன்படும். வெப்பத்தை எளிதில் கடத்தாது.

நேரம், செலவு
சூடு சீக்கிரம் முடியும். குளிரில் உறையவிட்டு, உருகவிட்டு, மறுபடி உறையவிட வேண்டும்; பொதுவாகச் செலவும் கூடுதல். ஆனால் வலி குறைவு.

கட்டி எலும்புக்குள்ளேயே இருந்து, நரம்பை ஒட்டிய எலும்பின் பின்சுவர் உடையாமல் இருந்தால் நான் சூட்டு முறையையே சொல்வேன். அப்புறம் அதே துளை வழியாக எலும்பை உறுதியாக்கும் சிமெண்டும் செலுத்தலாம். சதைக்குள் பெரிதாகப் பரவியிருந்தால் குளிர். எதுவானாலும், நரம்பைக் கண்காணிக்க என்ன ஏற்பாடு என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.