புயல் கூண்டுகளும் ஜாவா எனமும்: சில ஆண்டுப் பழக்கத்துக்குப் பின்

கடலூர் படகு உரிமையாளர்களுக்கான செயலி ஒன்றைப் புதுச்சேரியில் இருந்தபடி சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதில் அதிகம் திருத்தத் தேவைப்படாத கோப்பு, புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கான எனம் (enum): ஜாவா நிரல்மொழியில் மாறாத மதிப்புகளின் பட்டியல். 2004இல் வந்த ஜாவா 5 முதலே எனத்துக்குக் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஒவ்வொரு மதிப்பும் உருவாகும்போது அதன் விவரங்களை வாங்கி வைக்கும் பகுதி, எழுத முடியும். ஆனாலும் வெறும் பெயர்ப்பட்டியலாகவே அதை வைத்திருப்பவர்கள் ஏராளம்.

கூண்டுகள் 1 முதல் 11 வரை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இந்த ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் எண் மாறுவது தீவிரத்தால் அல்ல. புயல் துறைமுகத்தைத் தனக்கு இடப்புறம் விட்டுக் கரையைக் கடக்குமா, வலப்புறம் விட்டா, அதன் மேலேயேவா என்பதுதான் வேறுபாடு. 11ஆம் கூண்டுக்குப் பொருள் வேறு: வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. எனவே எண்ணை ஒப்பிட்டு ஆபத்தை அளந்தால் கணக்கு கவிழும். எண், தீவிரம், திசை மூன்றையும் கன்ஸ்ட்ரக்டர் வழியே கேட்டு ஃபைனலாக, அதாவது பிறகு மாற்ற முடியாதபடி, பூட்டிவிட்டால், ஒன்றை விட்டாலும் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் விடாது. முன்பு ஆர்டினலோடு (பட்டியலில் 0 முதல் எண்ணப்படும் வரிசை எண்) ஒன்றைக் கூட்டிக் கூண்டு எண் எடுத்திருந்தார்கள். பட்டியலின் தலையில் 'கூண்டு இல்லை' என்பதைச் சேர்த்த அன்றே எல்லாம் ஒன்று தள்ளிப்போனது.

எரிச்சல்களும் உண்டு. எண்ணைக் கொடுத்துக் கூண்டைத் தேட ஒரு ஸ்டாட்டிக் மேப், அதாவது எனம் முழுவதற்கும் பொதுவான தேடல் அட்டவணை, வேண்டும். அதைக் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே நிரப்பப் பார்த்தால் கம்பைல் ஆகாது. தனி ஸ்டாட்டிக் பிளாக்கில்தான் நிரப்ப வேண்டும். கன்ஸ்ட்ரக்டருக்கு ட்ரூ, ஃபால்ஸ் (ஆம், இல்லை) என வரிசையாக அனுப்புவதும் ஆபத்து: இடம் மாறினால் கண்டுபிடிப்பது கடினம். தீவிரத்துக்கும் திசைக்கும் தனித்தனி எனங்கள் வைத்தபின் நிம்மதி.

அறிவிப்பு வாசகங்களை மட்டும் வெளிக்கோப்புக்கு மாற்றிவிட்டேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த சமயத்தில் ஒரு படகு உரிமையாளர், "தம்பி, எண்ணைப் பெரிதாகப் போடுங்கள், விளக்கத்தைச் சுருக்குங்கள்" என்றார். ஒரு வரியைச் சுருக்கச் செயலியின் முழு வெளியீடு எதற்கு?

1 முதல் 4 வரையிலான கூண்டுகளுக்கும் 11க்கும் திசை கிடையாது என்பதால் 'பொருந்தாது' என்றொரு மதிப்பு வைத்திருக்கிறேன். பார்க்க அழகில்லை. ஜாவா 17இல் உள்ள சீல்டு இன்டர்ஃபேஸும் ரெக்கார்டும் அதைத் தீர்க்கும்: ஒவ்வொரு வகைக் கூண்டுக்கும் தேவையான விவரங்களை மட்டும் வைக்கலாம். ஆனால் எனத்துக்கென்றே உள்ள அட்டவணையான எனம்மேப் கைவிட்டுப் போகும். அந்தச் சில கூண்டுகளுக்காக மற்றவற்றையும் கலைக்க மனம் வரவில்லை.