மூன்று இடத்தில் நேரலை என்று காசு வாங்கி, ஒரே ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினார்கள்

வீட்டு விசேஷத்துக்கு 'மல்டி லைவ்' (ஒரே நேரத்தில் பல இடங்களில் நேரலை) பேசி அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

இந்த ஆவணியில் கும்பகோணத்தில் என் தங்கை கல்யாணம். டொராண்டோவில் இருக்கும் பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, விமானம் ஏற முடியாது. தங்கையைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர் அவர். நேரலை ஏற்பாடு செய்ததே முக்கியமாக அவருக்காகத்தான். அவர் டிவியில் யூடியூப் பார்ப்பார். லண்டன் அத்தைக்கு பேஸ்புக் மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊர்ச் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்திலும் வர வேண்டும் என்றார்கள். ஆக மூன்று இடம்.

நாங்கள் பேசிய ஆள், "ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி லைன் போடுவோம் அண்ணே, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்" என்றார். அந்தத் தனி இன்டர்நெட் லைனுக்காகவே இடத்துக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்கினார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கொட்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

முதல் தில்லுமுல்லு முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்தது. எங்கள் சேனல் விவரத்தை அதுவரை கேட்கவே இல்லை. கேட்டுவிட்டு, "புது சேனல்ல லைவ் ஆன் ஆக 24 மணி நேரம் ஆகும், இப்ப முடியாது, எங்க சேனல்லயே போட்டுடறோம்" என்றார். பேஸ்புக்கிலும் இதே கதைதான். அந்த விதிகள் உண்மை. யூடியூபில் முதல் முறை லைவ் இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். பேஸ்புக்கில் கணக்குக்கு 60 நாளாவது வயது இருக்க வேண்டும், 100 பேராவது பின்தொடர வேண்டும். இதையே பிழைப்பாக வைத்திருப்பவர், முன்பணம் வாங்கிய அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டுமென்றேதான் கடைசி நேரம் வரை இழுத்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி 'அன்லிஸ்டட்' கேட்டிருந்தோம். அவர் தன் சேனலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார், மேலே தன் கடைப் பெயரும் போன் நம்பரும் பெரிதாக. எங்கள் வீட்டுக் கல்யாணம் அவருக்கு விளம்பரம்.

முகூர்த்தத்துக்கு என் சித்தப்பா மகன் அவர்கள் மேஜைப் பக்கம் போய்ப் பார்த்தான். கோயில் திருவிழாக்களுக்கு அவனே நேரலை செய்கிறவன். ஒரு லேப்டாப், அதில் ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருள், இன்டர்நெட்டுக்கு யுஎஸ்பி வயரில் ஒரே ஒரு செல்போன். மொத்த ஏற்பாடும் அவ்வளவுதான். முழு எச்டி (1080பி) படத்துக்குச் சுமார் 6 Mbps அப்லோடு வேகம் தேவை. லேப்டாப்பிலிருந்தே மூன்று இடத்துக்கும் தனித்தனியாக அனுப்பினால் 18. ஒரு முறை மட்டும் மேலே அனுப்பி, அங்கிருந்து மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கிளவுட் சேவைகள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் 6 போதும். அதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பதால் இவர் அதைத் தொடவில்லை. மூன்று சுமையையும் ஒரே சிம் மேல் ஏற்றினார். மண்டபம் நிறைய ஜனம், ஆளாளுக்குக் கையில் போன், எல்லாம் அதே டவரில்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். டொராண்டோவில் அப்போது முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல். படம் அப்படியே நின்றது. பெரியம்மாவிடமிருந்து, "ஸ்டக் ஆயிடுச்சுப்பா, கட்டியாச்சா?" என்று மெசேஜ். திரும்ப வந்தபோது தங்கை மாலையும் கழுத்துமாக அக்கினியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பெரியப்பா போனில் ஒன்றும் சொல்லவில்லை, "நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

கேட்டதற்கு, "யூடியூப் சர்வர் டவுன் அண்ணே, நம்ம கையில இல்ல" என்றார். அன்றைக்கு நம்பினோம். பிறகு மூன்று பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். மூன்றும் தாலி வாங்கும் அதே காட்சியில்தான் நிற்கின்றன. யூடியூபில் கோளாறு என்றால் பேஸ்புக் ஏன் நிற்க வேண்டும்? எல்லாம் ஒன்றாக நின்றால் கோளாறு நம் பக்கத்து அப்லோடில்தான். உங்களுக்கும் இப்படி நடந்தால் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

வரவேற்பில் இதற்கு நேர்மாறு. மண்டப ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போனது, யூடியூப் மட்டும் துண்டானது, பேஸ்புக் இரண்டும் ஓடின. அது பாட்டு உரிமைப் பிரச்சினை. பாட்டு ஓடும்போது நேரலையில் அந்த ஒலியை நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். தொழில்காரருக்குத் தெரியாத விஷயமா இது?

அதோடும் விடவில்லை. "ஒரிஜினல் ரெக்கார்டிங் தனியா இருக்கு" என்று இன்னொரு தொகை கேட்டார். கொடுத்தோம். வந்த பென் டிரைவில் இருந்தது பேஸ்புக்கிலிருந்து இறக்கிய வீடியோ. அதே இடத்தில் அதே உறைந்த படம். லேப்டாப்பில் ரெக்கார்டு பட்டனைக்கூட அழுத்தவில்லை. "பேஜ்ல ஆயுசுக்கும் இருக்கும்" என்று சொன்னதும் பொய். 2025 பிப்ரவரியிலிருந்து பேஸ்புக் நேரலைப் பதிவுகளை 30 நாளில் நீக்கிவிடுகிறது. அவர் சேனலில் இருந்த யூடியூப் பதிவை எடுக்கச் சொல்லி நாங்கள் சண்டை போட்டதுதான் மிச்சம்.

யாரிடம் பேசினாலும் சேனலும் பக்கமும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஸ்ட்ரீம் கீயை (நம் சேனலுக்கு நேரலை அனுப்பும் ரகசியக் குறியீடு) மட்டும் அவர்களிடம் கொடுங்கள், முடிந்ததும் மாற்றிவிடுங்கள். மண்டபத்தில் பிராட்பேண்டு வயர் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வெவ்வேறு நிறுவனத்தின் சிம்களை ஒன்றாக இணைக்கும் பாண்டிங் கருவி அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பாருங்கள். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடைக் காட்டி ஏமாற்றுவார்கள். அப்லோடு எவ்வளவு என்று பாருங்கள், அதுவும் கூட்டம் இருக்கும் நேரத்தில். லேப்டாப்பிலேயே தனியாகப் பதிவு ஓட வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, மூன்று பதிவுகளின் நகல் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதே மாதிரி 'தனி லைன்' என்று சொல்லிப் பணம் வாங்கியவரிடம் மாட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.