கோத்தகிரி ஈரத்தில் சூட்டு ரோலர் காலண்டர்: வாங்கலாம், சில வேலைகள் பார்த்துக்கொண்டு

கோவைப் பக்கத்துச் சிறு பட்டறைகள் கையால் காகிதம் செய்கிறவர்களுக்கென்று செய்து தரும் இரட்டை ரோலர் சூட்டுக் காலண்டர், அதாவது தாளை இரண்டு ரோலர்களுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்கும் இயந்திரம், பற்றிய மதிப்புரை இது. தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை, தை மாதக் குளிர் மூன்றிலும் கோத்தகிரியில் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறோம். அடிப்படை இயந்திரம் உறுதியானது. சூடேற்றும் பகுதியைச் சமவெளிக்கென்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். அதைத் திருத்தாமல் மலையில் நல்ல தாள் வராது.

மேல் ரோலர் 200 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. சுவரும் உள்ள இரும்புக் குழாய். மேலே ஹார்டு குரோம் பூசி கிரைண்டிங் செய்தது. கீழ் ரோலருக்கு ரப்பர் போன்ற பாலியூரித்தேன் உறை. முகம் 700 மி.மீ. அகலம், 22க்கு 30 அங்குலத் தாள் தாராளமாக நுழையும். 1 எச்.பி. மோட்டார், வேகத்தைக் குறைக்க 40க்கு 1 வார்ம் கியர் பாக்ஸ், அதன்பின் 5க்கு 1 செயின். கணக்குப்படி நிமிடத்துக்கு 7 சுற்று, சுமார் நாலரை மீட்டர் வேகம். மெதுவென்று குறைபட வேண்டாம், தாளின் மேல்தோலுக்குச் சூடு இறங்க அந்த நேரம் வேண்டும்.

சூடு எதற்கு? உலர்ந்த நாரைக் குளிர் ரோலரில் நசுக்கினால் பாதி திரும்ப எழும்பிவிடும். அதை அடக்க மேலும் மேலும் அழுத்தினால் தாள் மெலிந்து விறைப்புப் போய்விடும். கொஞ்சம் ஈரமும் சூடும் சேர்ந்தால் மேற்பரப்பு நார் இளகி ரோலரின் வழவழப்பை வாங்கிக்கொள்ளும். நடுத்தாள் அதற்குள் சூடாகாததால் கனம் அவ்வளவாகக் குறையாது. துத்தநாகத் தகடுகளுக்கு நடுவே தாள்களை அடுக்கி உருட்டும் பழைய முறையைவிட இந்த மெஷின் மேலானது இந்த ஒரு காரணத்தால்தான்.

இனி குறைகள். முதலாவது, வெப்பநிலை அளவு. சென்சார் ரோலருக்குள் காற்றில் தொங்குகிறது. அது காட்டுவது ஹீட்டருக்குப் பக்கத்துக் காற்றின் சூட்டை, தாளைத் தொடும் பரப்பின் சூட்டை அல்ல. சாதாரண தெர்மோஸ்டாட் என்பதால் எண் ஏறி இறங்கி ஊசலாடவும் செய்கிறது. சூட்டை ஊசலாடாமல் நிறுத்தும் பி.ஐ.டி. கன்ட்ரோலரும், பரப்பை உரசியபடி இருக்கும் பி.டி.100 என்ற வெப்பநிலை சென்சாரும் போட்டுவிடுங்கள். இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் சரிபார்க்கிறவர்கள் கவனிக்க: பளபளக்கும் குரோமில் அது மிகக் குறைவாகக் காட்டும். தாள் படாத ஓரத்தில் சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட்டில் ஒரு பட்டை அடித்து, அங்கே குறிவைத்து அளக்க வேண்டும்.

இரண்டாவது, வோல்டேஜ். ஒன்றரை கிலோவாட் ஹீட்டர் மூன்று, மொத்தம் 4.5 கிலோவாட். 230 வோல்ட் 190க்கு இறங்கினால் ஹீட்டரின் திறன் 3 கிலோவாட்டுக்கு வந்துவிடும், ஏனென்றால் திறன் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு அது. 12 டிகிரி காலையில் 110க்கு ஏற நேரம் பிடிக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே 6 கிலோவாட் கேளுங்கள். முனைகளில் சுற்று நெருக்கமாக உள்ள ஹீட்டராகவும் கேளுங்கள். இல்லாவிட்டால் நடுப்பகுதி அதிகம் சூடாகி உப்பும். 15 டிகிரி வித்தியாசத்துக்கு விட்டத்தில் சுமார் 0.04 மி.மீ.தான் கூடும், ஆனால் தாளின் நடுவில் பளபளப்பும் ஓரத்தில் மந்தமும் வர அதுவே போதும்.

மூன்றாவதுதான் எங்களைப் பொறுத்தவரை பெரிய தவறு. வந்த மெஷினில் இரண்டு பக்க பேரிங்கையும் இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். சூடு 90 டிகிரி கூடும்போது இந்த ரோலர் நீளத்தில் முக்கால் மில்லிமீட்டர் வளரும். அது போக இடம் வேண்டாமா? டிரைவ் பக்கம் பூட்டி, மறுபக்கத்தை நகர விட வேண்டும். பேரிங் சி-3 இடைவெளி (சூட்டில் விரிய உள்ளே கூடுதல் இடம்) உள்ளதாகவும், கிரீஸ் அதிக வெப்பத்துக்கானதாகவும் இருக்கட்டும்.

சூடேற்றும்போது ரோலர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்ற நிலையில் சூடேற்றினால் மேல்பக்கம் அதிகம் சூடாகி ரோலர் வில்லாக வளையும். தாளில் 628 மி.மீ.க்கு ஒருமுறை பளபளப்புப் பட்டை விழுந்தால் காரணம் இதுதான், அது ரோலரின் ஒரு சுற்று. அணைக்கும்போதும் 60 டிகிரிக்குக் கீழ் வரும்வரை சுற்ற விடுங்கள். தாள் இல்லாத நேரமெல்லாம் ரோலர்களைப் பிரித்து வைக்க வேண்டும், பாலியூரித்தேன் நேரடிச் சூட்டைத் தாங்காது.

மழைக்கால விஷயம் ஒன்றை எந்தப் பட்டறையும் சொல்வதில்லை. ஹீட்டருக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும். பத்து நாள் சும்மா கிடந்த மெஷினை மூடுபனிக் காலையில் போட்டால் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுவது இதனால்தான். அதைத் தாண்டி இணைத்துவிட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. ஹீட்டரைக் கழற்றி இளஞ்சூட்டில் காயவைத்து, மெகர் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால் மட்டும் மாட்டுங்கள்.

தாளின் ஈரம் 7 முதல் 9 சதவீதம் இருக்கட்டும். 100 கிராம் தாளை 105 டிகிரி மின் அடுப்பில் (oven) எடை மாறாத வரை காயவைத்தால் குறைந்த கிராம்தான் சதவீதம். 12க்கு மேல் போனால் கறுத்த, கண்ணாடி போன்ற திட்டுகள் விழும், கஞ்சி போட்ட தாள் ரோலரில் ஒட்டும். மிகவும் காய்ந்திருந்தால் எத்தனை முறை விட்டாலும் மென்மை வராது. ஒரு பக்கம் மட்டும் விட்டால் சூடு பட்ட பக்கமாகச் சுருளும்; புரட்டி இன்னொரு முறை விட்டு, ஆறும்வரை எடைக்குக் கீழே அடுக்குங்கள்.

தேயிலைக் கழிவு கலந்த தாள் செய்கிறவர்கள் குரோம் பூச்சைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஊசிமுனை அளவு இரும்பு தெரிந்தாலும் தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து நீலக்கறுப்புப் புள்ளி விழும். பூவிதழ் பதித்த தாளை இதில் விடவே வேண்டாம், இதழ் பழுப்பாகிவிடும்.

இதே பட்டறைகள் வெந்நீர் மாடலும் மலிவாகத் தருகின்றன. ஊட்டி உயரத்தில் திறந்த தொட்டித் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ரோலர் பரப்புக்கு வரும்போது இன்னும் குறையும். மலைக்கு அது வேண்டாம்.

எமர்ஜென்சி ஸ்விட்ச் பேனலில் மட்டும்தான் இருக்கிறது. தாள் ஊட்டுகிறவரின் கை அங்கே எட்டாது. முழங்கால் தட்டினால் நிற்கும் பட்டையும் ரோலர் வாய்க்கு முன் தடுப்பும் பொருத்தித் தந்தால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.