சோலார் மின்வேலியோடு சில ஆண்டுகள்: மாடு எங்கே தப்பிக்கிறது, வேலி எங்கே தளர்கிறது

பழைய முள்கம்பி வேலியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு உள்பக்கமாக, கொஞ்சம் தள்ளிச் சோலார் மின்வேலி போட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. நல்ல மழையையும் கடும் வறட்சியையும் பார்த்துவிட்டது. சின்னப் பண்ணைக்கு இது சரிவருமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம் என்பேன். ஆனால் கம்பிக்கு மின்துடிப்பு அனுப்பும் பெட்டியைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையை, மண்ணில் அடிக்கும் எர்த் கம்பிக்கும் மூலைக்காலுக்கும் காட்ட வேண்டும். மாடு வெளியே போன பிறகு காரணம் தேடினால், பெட்டியில் கோளாறு இருந்தது அபூர்வம்.

பெட்டி கம்பியில் இடைவிடாமல் மின்சாரம் செலுத்துவதில்லை. ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்புதான். வோல்டேஜ் பல ஆயிரம் இருந்தாலும், ஒரு துடிப்பு கண் இமைக்கும் நேரம்கூட நீடிக்காது. அடுத்த துடிப்பு வருவதற்குள் தசை தளர்ந்து மாடு விலகிவிடும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது இதுபோல அல்ல, அது பிடித்தால் விடாது; ஆளையும் கொல்லும், மாட்டையும் கொல்லும். முள்கம்பியிலும் மின்துடிப்பு கொடுக்கக் கூடாது. முள்ளில் மாட்டிக்கொண்ட உயிர் விலக முடியாமல் திரும்பத் திரும்ப அடி வாங்கும். மின்கம்பி எப்போதும் மொழுக்கென்ற கம்பியாகத் தனியாக ஓட வேண்டும்.

எர்த் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். மாடு கம்பியைத் தொட்டதும் மின்சாரம் அதன் உடல் வழியாகக் குளம்புக்கு இறங்கி, மண்ணுக்குள் ஓடி, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சுற்று முழுமையானால்தான் அடி. மண் காய்ந்துவிட்டால் சுற்று பலவீனமாகும். மழைக்காலத்தில் மாடு பத்தடி தள்ளி நின்ற அதே கம்பியைக் கோடையில் கழுத்தால் நெம்பிப் பார்க்கும். உள்ளே பச்சைத் தீவனம் குறையும் நாளும் அதுதானே! 6 அடிக்குக் குறையாத மூன்று எர்த் கம்பிகளை, 10 அடிக்கு ஒன்றாக, ஈரம் தங்கும் இடத்தில் அடித்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தண்ணீர்த் தொட்டி வழிகிற இடம் ரொம்பப் பொருத்தம். வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மண் எப்போதும் வறண்டே கிடக்கும் நிலமென்றால், வேலியில் ஓடும் கம்பிகளில் ஒன்றை எர்த்தோடு இணைத்துவிடலாம். மாடு இரண்டையும் சேர்த்துத் தொடும்போது மண்ணின் தயவு தேவைப்படாது.

பெட்டியோடு கூடவே ஒரு வோல்டேஜ் டெஸ்டர் கட்டாயம் வாங்குங்கள். பெட்டியில் விளக்கு மின்னுவதை நம்ப முடியாது. வேலியின் கடைசி முனையில் 4000 வோல்ட் காட்டினால் நிம்மதி. 2000க்குக் கீழே போனால் மாடு மதிக்காது. அளவு குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது கம்பியில் உரசும் புல்லையும் கொடியையும்தான். அடுத்தது மின்கம்பி காலில் படாமல் தாங்கும், வெயிலில் வெடித்த பிளாஸ்டிக் இன்சுலேட்டர். அப்புறம் கம்பி முடிச்சுகள். தாமிரக் கம்பியையும் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியையும் முறுக்கி இணைத்தால் அந்த இடம் சீக்கிரம் அரித்துப்போகும். பிளாஸ்டிக் இழையோடு பின்னிய கயிறு இடம் மாற்றி மேய்க்க அருமையானது, நிரந்தர வேலிக்கு வேண்டாம். உள்ளே ஓடும் மெல்லிய உலோக இழைகள் அறுந்துபோனது வெளியே தெரியவே தெரியாது.

மூலைக்கால் பற்றிச் சுருக்கமாக. எல்லாக் கம்பியின் இழுவையும் அதன் தலையில்தான். மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், இரண்டு பக்கமும் முட்டு கொடுக்க வேண்டும். மூலை அசைந்தால் நடுவில் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தொய்யும். முள்கம்பியைக் காலுக்கு மாடு நிற்கும் பக்கமாகக் கட்டுங்கள். மாடு சாய்ந்தால் கம்பி காலோடு அழுந்தும். வெளிப்பக்கம் கட்டினால் கட்டுக்கம்பிதான் அறும்.

புதிதாக வரும் மாட்டை முதலில் உறுதியான ஒரு பட்டிக்குள் விட்டு, உள்ளே ஒரு மின்கம்பி ஓடவிட்டுப் பழக்குவது அவசியம். மாடு புதுப் பொருளை மூக்கால்தான் ஆராயும். ஈர மூக்கில் அடி வாங்கினால் பின்னால் போகும். பாதி உடல் உள்ளே நுழைந்த பிறகு அடி விழுந்தால் முன்னால்தான் பாயும், வேலியையும் கொண்டுபோய்விடும்.

எவ்வளவு நல்ல வேலியாக இருந்தாலும், காரணம் பலமாக இருந்தால் மாடு போகும். தண்ணீர் தீர்ந்த தொட்டி, கன்றைப் பிரித்த தாய், துணையில்லாமல் தனித்து நிற்கும் மாடு. கிடாரியாக இருந்தால் நாளைக் குறித்து வையுங்கள். பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டு போயிருந்தால், ஏறத்தாழ 21 நாளில் மறுபடியும் அதே அவசரம் வரும். அந்த நாட்களில் கட்டி வைப்பது வேலியைப் பலப்படுத்துவதைவிடச் சுலபம்.

வெளியே போன மாட்டை ஓடித் துரத்தக் கூடாது. முதல் ஆள் சாலைப் பக்கம் போய் நிற்கட்டும், அடுத்தவர் படலை அகலத் திறந்து வைக்கட்டும். மாட்டுக்கு நேர் பின்பக்கம் கண் தெரியாது, அங்கிருந்து வந்தால் மிரளும். பக்கவாட்டில், அதற்குத் தெரியும்படி நடந்து, அது நம்மைக் கண்டு நகரத் தொடங்கும் எல்லையில் நில்லுங்கள். தோளுக்குப் பின்னால் இருந்து நெருங்கினால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். தவிட்டு வாளிச் சத்தத்துக்குப் பழகிய மாடென்றால் இதுகூட வேண்டாம், வாளியோடு முன்னால் நடந்தால் போதும். திரும்பி வந்த மாட்டை அடிக்காதீர்கள். அடுத்த தடவை அது உங்களிடம் வராது.

உள்ளே விட்டதும் என்ன மேய்ந்தது என்று விசாரியுங்கள். முழங்கால் உயரத்துக்கும் வளராத சோளப்பயிரிலும் வறட்சியில் வாடிய சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும். மூச்சு வாங்கி, தள்ளாடினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இடது வயிறு உப்பி மேலே எழும்பினாலும் அப்படித்தான்.

கடைசியாக, வேலி பழுது பார்த்த இடத்தில் வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகள். மாடு மேயும்போது மென்று பார்க்காமல் விழுங்கும். கம்பித் துண்டு இரண்டாவது இரைப்பையில் தங்கி, இரைப்பை சுருங்கும்போது குத்தித் துளைத்து இதயம் வரை போகும். தீனி எடுக்காமல், முதுகை வளைத்து நிற்கும் மாட்டுக்கு என்ன வியாதி என்று புரியாமல் பலர் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குறடோடு ஒரு டப்பாவையும் எடுத்துப் போய், வெட்டிய துண்டுகளை அதில் போடுகிறேன். முடித்ததும் கயிற்றில் கட்டிய காந்தத்தைப் புல்லின் மேல் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டை அந்தப் பக்கம் விடுகிறேன். ஏற்கெனவே விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், இரைப்பைக்குள்ளேயே தங்கும் காந்தம் ஒன்றை மருத்துவர் விழுங்க வைப்பார். குத்தித் துளைப்பதற்கு முன்பு கொடுத்தால் அது நன்றாகவே வேலை செய்யும்.