சாக்கடல் சுருள் மின்னூலகம்: படம் முதல் தரம், வாசிப்பு உங்கள் பாடு

"கொல்லப்படும் மேசியா கும்ரான் சுருளிலேயே இருக்கிறார்" என்று யாராவது தகவல் அனுப்பினால், போய்ச் சரிபார்க்க வேண்டிய இடம் லியோன் லெவி சாக்கடல் சுருள் மின்னூலகம். (மேசியா என்றால் அபிஷேகம் பெற்றவர்; கும்ரான், சாக்கடல் ஓரத்துக் குகைகளில் பழைய யூதச் சுருள்கள் கிடைத்த இடம்.) இஸ்ரேல் தொல்பொருள் துறையும் கூகுளும் சேர்ந்து 2012-ல் திறந்த இலவசத் தளம்.

தேடுவதற்குச் சுருக்கமான வழி கையெழுத்துப்படி எண்தான். மேலே சொன்ன சர்ச்சைக்கு உரியது 4கியூ285 (4 குகை எண், கியூ என்றால் கும்ரான், தளத்தில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). அதில் ஆறு வரி மட்டும் மிஞ்சிய ஒரு துண்டுதான் வழக்கில் இருப்பது. வண்ணப் படத்தைத் திறந்தால் பழுப்புத் தோலில் பழுப்பு எழுத்து, கண் வலிக்கும். அகச்சிவப்புப் படத்துக்கு மாறினால் தோல் வெளுத்து, கரி மை கறுப்பாக எழும்பி நிற்கும். ஆனால் விரிசலும் ஓட்டையும்கூட அங்கே கறுப்புக் கோடாகத் தெரியும். சந்தேகமான எழுத்தை வண்ணப் படத்தோடு ஒத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. 1950-களில் எடுத்த பழைய படங்களையும் விடாதீர்கள். பிறகு உதிர்ந்துபோன ஓரங்கள் அவற்றில் இருக்கக்கூடும்.

இவ்வளவு செய்தும் அந்தச் சர்ச்சை தீராது. கோளாறு படத்தில் இல்லை. எபிரெய மூலத்தில் உயிர்க்குறி கிடையாது. துண்டில் வரும் 'தலைவர்'தான் மேசியா என்று கருதப்படுபவர். 'கொல்' என்ற அந்த வினையை "தலைவரைக் கொன்றார்கள்" என்றும் படிக்கலாம், "தலைவர் அவனைக் கொல்வார்" என்றும் படிக்கலாம். அதே துண்டு, தாவீதின் வம்சத்தில் வரும் அரசனைக் குறிக்கும் ஏசாயாவின் 'ஈசாய் அடிமரத்துத் துளிரை' மேற்கோள் காட்டுகிறது; அந்தத் துளிர் துன்மார்க்கரைக் கொல்லும் ராஜா. ஆகவே இரண்டாவது வாசிப்பே பொருந்தும். இதையெல்லாம் தளம் சொல்லித் தராது. துண்டுப் படத்துக்குப் பக்கத்தில் எழுத்துப்பெயர்ப்போ மொழிபெயர்ப்போ இல்லாதது பெரிய குறை. நல்ல மொழிபெயர்ப்பு நூல் ஒன்று கையில் இல்லாமல் உள்ளே போவது வீண்.

ஒரே மேசியாவைத் தேடிப் போகிறவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி உண்டு. கும்ரான் சமூகத்தின் விதிநூலான 'சமூக விதி' சுருள், 9-ஆம் பத்தி (நெடுவரிசை), 11-ஆம் வரி: ஒரு தீர்க்கதரிசியும், "ஆரோனின், இஸ்ரவேலின் மேசியாக்களும்" வரும்வரை பழைய விதிகள் செல்லும். ஆசாரியர் ஒருவர், அரசர் ஒருவர். பன்மையைக் காட்டுவது யோத் என்ற ஒற்றை எழுத்து. கெய்ரோவில் கிடைத்த, இதற்கு நெருங்கிய இன்னொரு விதிநூலான தமஸ்கு ஆவணத்தில் இதே தொடர் ஒருமையில் நிற்கிறது. 'சமூக விதி'யின் நான்காம் குகைப் பிரதி ஒன்றான 4கியூ259-ல் அந்த வரியே இல்லை. எழுத்தர் முந்தைய பத்தியிலிருந்து நேரே 12-ஆம் வரிக்குத் தாவிவிடுகிறார். சேர்த்ததா, விட்டதா என்ற வழக்கு இன்றும் ஓடுகிறது.

முதல் குகையின் 'சமூக விதி' இந்தத் தளத்தில் அல்ல, இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் தனித் தளத்தில் இருக்கிறது. அங்கே ஐந்தே சுருள்கள். பெரிய ஏசாயா சுருளில் வசனத்தைத் தொட்டால் ஆங்கில மொழிபெயர்ப்பு வரும். புதியவர்கள் தொடங்க வேண்டியது அந்தச் சுருளில்தான். 45:1-ஐப் பாருங்கள். தமிழ் வேதாகமத்தில் "அபிஷேகம்பண்ணின கோரேசு" என்கிற இடத்தில் மூலம் பாரசீக அரசனை மேசியா என்றே சொல்கிறது. யூதரல்லாத மேசியா யூத வேதத்துக்குள்ளேயே!

யூதரல்லாதோரின் மீட்பர் எதிர்பார்ப்புக்கு இந்த இரண்டு தளங்களிலும் இடமில்லை. ரோமப் பேரரசன் அகுஸ்துராயனின் பிறப்பை உலகத்துக்கு நற்செய்தி என்று கொண்டாடும், ஆசியா மைனரின் பிரியேனே நகரக் கல்வெட்டுக்கு (கி.மு. 9) ஒரு சுட்டியாவது கொடுத்திருக்கலாம்.

கைபேசியில் பார்க்காதீர்கள். யோத் எழுத்துக்கும் வாவ் எழுத்துக்கும் வித்தியாசம் கால் நீளம் மட்டுமே. சின்னத் திரையில் இரண்டும் ஒன்றுதான்.